‘ஒட்டுத் தண்டவாளம்’ என்று சிரித்தவர்களுக்கு



ஊர் உறவுகளே, இது நீளமான பதிவு. 14 செக்கன் வீடியோ ஒன்றை வாட்ஸ்அப் குழுக்களில் பத்துத் தரம் போட்டுப் பார்த்துச் சிரிக்க நேரம் இருந்தவர்கள், இதையும் கடைசிவரை வாசிக்க நேரம் எடுக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறோம்.

நடந்தது எல்லோருக்கும் தெரியும். போன மாதக் கண்காட்சியில் எங்கள் பிள்ளைகள் செய்த மாதிரி ரயில்பாதையை வைத்தோம். பெரிய மனிதர்கள் வந்து நின்ற நேரம் பார்த்து கோச்சி இரண்டு தரம் தடம் புரண்டது. இரண்டாம் தரம் கடைசிப் பெட்டி மேசையில் இருந்து நிலத்தில் விழுந்தது. யாரோ அதை எடுத்தார்கள், பாட்டுப் போட்டார்கள், அனுப்பினார்கள். அன்றிரவே ‘நாலு கம்பனித் தண்டவாளத்தை ஒட்டினால் இப்படித்தான்’, ‘குப்பையில் பொறுக்கின ரயில்’, ‘சேரும் டீச்சரும் பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறார்கள்’ என்றெல்லாம் வந்தன. அடுத்த நாள் ஊரில் மதிப்புக்குரிய ஒருவர், நல்ல மனதோடுதான், ஒரு செய்தி அனுப்பினார். ஒரே கம்பனியின் புதுச் செட் ஒன்றை, பெட்டி உடைக்காமல், வெளிநாட்டில் இருந்து எடுத்துத் தருகிறாராம். ஒரே ஒரு நிபந்தனை: இப்போது இருக்கும் ‘ஒட்டுத் தண்டவாளத்தை’ முழுதாகக் கழற்றி வீச வேண்டும். ஊரின் பெயர் கெடக்கூடாதாம்.

ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தோம். ஆனால் அந்தக் குழுக்களில் பிள்ளைகளின் உம்மா வாப்பாமாரும் இருக்கிறார்கள், அவர்களின் போனைப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். தரம் 8 படிக்கும் ஒரு மகள் வந்து, “சேர், நாங்க செஞ்சது குப்பையா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு வீட்டுக்குள் பதில் சொன்னால் போதாது. குப்பை என்று சொன்னது பொதுவில், அதனால் பதிலும் பொதுவில்.

முதலில் இந்தப் பாதை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறோம். 2022ஆம் ஆண்டு பெற்றோல் இல்லாமல் பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அந்தக் காலம். நாங்கள் இருவரும் ஆசிரியர்கள், வீட்டில் சும்மா இருந்தோம். பக்கத்து வளவுப் பிள்ளைகளும் சும்மா இருந்தார்கள். லண்டனில் இருக்கும் ஒரு பழைய மாணவரின் மாமா, உடுப்புப் பெட்டியோடு பெட்டியாக, தன் பிள்ளைகள் விளையாடி முடித்த ஹோர்ன்பித் தண்டவாளத் துண்டுகளை அனுப்பியிருந்தார். கட்டாரில் இருந்து திரும்பிய எங்கள் சக ஆசிரியரின் காக்கா ஒரு பாக்மன் செட் தந்தார். சல்லிக்கல் படுக்கையோடு சேர்த்து பிளாஸ்ரிக்கில் வார்த்த சாதி அது. பீக்கோ கம்பனியின் வளைக்கக்கூடிய மூன்று அடி நீளத் தண்டவாளங்கள் மூன்றை மட்டும், அதுவும் பாவித்ததை, காசு கொடுத்து வாங்கினோம். திருகோணமலை நகரில் இருக்கும் ஒரு தமிழ் ஆசிரியை, ஜேர்மனியில் இருக்கும் தன் அண்ணன் விட்டுப்போன ஒரு பெட்டியைத் தூக்கித் தந்தார். இப்படிச் சேர்ந்ததுதான். 8 அடிக்கு 4 அடி பிளைவூட் பலகை ஒன்றில், எங்கள் வீட்டு விறாந்தையில், 11 பிள்ளைகள் கந்தளாய்க் குளத்தையும் தம்பலகாமத்து வயலையும் சீனக்குடா மா ஆலையையும் கட்டினார்கள்.

சரி, விழுந்ததைப் பேசுவோம். நாங்கள் அதை மறைக்கவில்லை.

பலகை 8 அடி. அதை மண்டபத்துக்குக் கொண்டுபோக நாங்கள் பிடித்த சின்ன லொறிக்குள் அது போகவில்லை. முதல்நாள் இரவு நடுவால் அறுத்து இரண்டாக்கினோம். தண்டவாளத்தையும் அந்த இடத்தில் அறுத்தோம். மண்டபத்தில் இரண்டு மேசையை ஒட்டி வைத்துத் திரும்பப் பூட்டியபோது ஒரு மேசை மற்றதைவிட ஒரு மயிரிழை உயரம். கீழே மட்டை வைத்துச் சரிபார்க்க நேரம் தரவில்லை, விருந்தினர் வந்துவிட்டார்கள் என்று அவசரப்படுத்தினார்கள். கோச்சி விழுந்தது அந்த அறுத்த இடத்தில். இப்போது கவனியுங்கள்: அந்த இடத்தில் இரண்டு பக்கமும் இருந்தது ஒரே கம்பனித் தண்டவாளம்! ஹோர்ன்பிக்கும் ஹோர்ன்பிக்கும் நடுவில்தான் விழுந்தது. ஹோர்ன்பியும் பீக்கோவும் சந்திக்கும் இடங்கள் ஆறு, ஹோர்ன்பியும் பாக்மனும் சந்திக்கும் இடங்கள் நான்கு. அந்தப் பத்து இடங்களிலும் அன்று காலையில் இருந்து பின்னேரம் வரை ஒரு பெட்டிகூடத் தடுக்கவில்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், கந்தளாய்க் குளக்கட்டுக்குப் பக்கத்தில் அறுத்த கோடு தெரியும்.

ஆக, குற்றம் கலப்பில் இல்லை, மூட்டில். சக்கரம் கம்பனிப் பெயரை வாசிக்கிறதில்லை. அதற்குத் தெரிந்தது மூன்றே மூன்று: இரண்டு தண்டவாளத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம், மேல்மட்டம் சமனா, உள்விளிம்பு நேரா.

முதலாவதை எடுங்கள். ஹோர்ன்பி, பீக்கோ, பாக்மன், மூன்றிலும் இந்த அளவுச் செட்டுக்கு இடைத்தூரம் 16.5 மில்லிமீற்றர். ஒன்றுதான். வேறுபடுவது தண்டவாளத்தின் உயரம். அதற்கு ‘கோட்’ என்று ஒரு எண் சொல்வார்கள். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் எத்தனை பங்கு என்பதுதான் அந்த எண். கோட் 100 என்றால் 2.54 மில்லிமீற்றர். கோட் 75 என்றால் 1.9. எங்கள் ஹோர்ன்பி கோட் 100, பீக்கோ கோட் 75. வித்தியாசம் 0.6 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேல். “இவ்வளவுதானே” என்று நினைக்காதீர்கள். மாதிரி ரயில் சக்கரத்தின் விளிம்பே இப்போதைய பெட்டிகளில் ஒரு மில்லிமீற்றர் வரும் அல்லது அதற்கும் குறைவு. 0.6 படி என்றால் அந்த விளிம்பில் பாதிக்கும் மேல். ஏறி விழத்தான் செய்யும்.

இதை எப்படிச் சரிசெய்வது? பீக்கோ கம்பனியே அதற்கென்று இடைத்துண்டு விற்கிறது, ஒரு நுனி 100, மறுநுனி 75. எங்களிடம் அது இல்லை, அதற்கு அனுப்பக் காசும் இல்லை. பிள்ளைகள் செய்தது இது. கோட் 100க்கு உரிய இணைப்புத் தகட்டை எடுத்து, அதன் ஒரு பாதியைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கினார்கள். நசுங்காத பாதி உயரத் தண்டவாளத்தின் அடியில் சட்டைபோல ஏறும். தட்டையான பாதியின் மேலே சிறிய தண்டவாளத்தை வைத்து ஈயம் பிடித்தார்கள். பதிந்த பக்கத்தின் ஸ்லீப்பருக்குக் கீழே பழைய கொப்பி மட்டையை வெட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று மேல்மட்டம் சமனாகும்வரை அடுக்கினார்கள். பிறகு உள்விளிம்பை அரத்தால் ஒரு இழை ராவினார்கள், ஏனென்றால் கோட் 100இன் தலை கொஞ்சம் அகலம், மேலே சமன் வந்தாலும் பக்கத்தில் முட்டும். கடைசியில் நகத்தை வைத்து இழுத்துப் பார்ப்பது. நகம் தடக்கினால் சக்கரமும் தடக்கும். நேர் பார்ப்பதற்கு மீன்பிடிக்கும் வாப்பாவின் மகன் ஒருவன் தங்கூசி நூலைக் கொண்டுவந்து இழுத்துக் கட்டினான். அடிமட்டத்தைவிட அது நல்லம் என்று அன்றுதான் எங்களுக்கும் தெரிந்தது. கலாசாலையில் எங்களுக்கு இதை யாரும் படிப்பிக்கவில்லை.

பாக்மன் வேறு தொல்லை. அதன் அடியில் பிளாஸ்ரிக் படுக்கை இருப்பதால் முழுத் தண்டவாளமே உயரத்தில் நிற்கும். அங்கே கொப்பி மட்டை போதாது. பழைய ரப்பர் செருப்பை வெட்டி, சரிவாகச் சீவி, இரண்டு அடி தூரத்துக்கு ஏற்றம் கட்டினார்கள். அதில் ஒரு இலாபமும் வந்தது. ரப்பருக்கு மேல் ஓடும்போது பலகை அதிரும் சத்தம் இல்லை. இப்போது முழுப் பலகைக்கும் செருப்புத் தேடுகிறார்கள், வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகிறவர்கள் கவனம்.

வளைவின் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. ஹோர்ன்பியின் இரண்டாம் வளைவுக்கு ஆரை 438 மில்லிமீற்றர். பாக்மன் செட்டின் வளைவுக்கு ஆரை 18 அங்குலம், அதாவது 457. ஒரு பக்க அரைவட்டத்தை ஹோர்ன்பியாலும் மறுபக்கத்தை பாக்மனாலும் போட்டார்கள். ஒரு பக்கம் அகலம் 876, மறுபக்கம் 914. நேர்த் துண்டுகள் வந்து சந்திக்கும் இடத்தில் 38 மில்லிமீற்றர் இடைவெளி. ஒரு பையன் இழுத்து நெரித்துப் பூட்டப் பார்த்தான், ஸ்லீப்பர் உடைந்தது. இரண்டு நாள் சண்டை. பிறகு அந்த மகள், ‘குப்பையா’ என்று கேட்டவள்தான், தரையில் சோக்கால் கீறி, விட்டத்தைக் கழித்து, 38ஐ இரண்டாகப் பிரித்து, இரு பக்கமும் 19 மில்லிமீற்றர் நகர்த்தினால் போதும், அதற்கு வளையும் பீக்கோத் துண்டுகளை மெதுவான எஸ் வடிவில் விடலாம் என்று காட்டினாள். கணித பாடத்தில் அந்தத் தவணை அவளுக்கு 41 புள்ளி. வட்டம் வரும் கேள்வி என்றாலே விட்டுவிடுகிற பிள்ளை. இதைப் படிப்பைக் கெடுப்பது என்று சொன்னவர் யார் என்று எங்களுக்குத் தெரியும், பெயர் சொல்லப் போவதில்லை.

எதையும் எதோடும் ஒட்டலாம் என்று நாங்கள் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறோம். ஜேர்மனிப் பெட்டியில் இருந்தது மார்க்லின். அதன் ரயிலுக்கு மின்சாரம் நடுவில் இருக்கும் சின்னக் குமிழ்களால் போகும், திரும்புவது இரண்டு பக்கத் தண்டவாளத்தாலும். அச்சில் இரண்டு சக்கரமும் மின்சாரத்தால் ஒன்றோடொன்று தொடர்பு. மற்றவை அப்படி இல்லை, ஒரு தண்டவாளம் நேர், மற்றது மறை, நடுவில் தொடர்பு இருக்கவே கூடாது. மார்க்லின் பெட்டியை எங்கள் பாதையில் வைத்தால் அந்த நிமிடமே ஷோர்ட். அது கலக்காது. கலக்கவும் இல்லை. தனிப் பலகையில் கௌரவமாக இருக்கிறது, அதற்கு வேறு மின்மாற்றி வேண்டும்.

உருக்குத் தண்டவாளமும் அப்படித்தான். பழைய துண்டுகளில் சில உருக்கு. துறைமுகத்து உப்புக் காற்றில் இரண்டு மழைக்குள் துரு. நிக்கல் சில்வர் என்று சொல்வது (பெயரில்தான் சில்வர், உள்ளே செம்பும் நிக்கலும் நாகமும்) கறுக்கும், ஆனால் துடைத்தால் மின்சாரம் போகும். உருக்கைத் துடைத்து மாளாது. அவற்றைக் கழற்றி, ஓடாத பழைய பெட்டிகள் நிற்கும் மூலையில் போட்டோம். லீமா கம்பனியின் பழைய பெட்டிகளுக்கு விளிம்பு ஆழம், கோட் 75இல் ஓடவிட்டால் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் பிளாஸ்ரிக் கொளுக்கிகளில் டக் டக் என்று அடிக்கும். அவை கோட் 100 வெளிவட்டத்தில் மட்டும். பாதை பிரியும் இடத்தில் உள்ள பொயின்ற்றில் உலோக நடுத்துண்டு வைத்தது ஒரு வகை, பிளாஸ்ரிக் வைத்தது ஒரு வகை. உலோகத்துக்கு அடுத்து மின்சாரம் கடத்தாத இணைப்பு போட வேண்டும், மறந்தால் ஷோர்ட். நாங்கள் மறந்தோம், ஒரு மின்மாற்றி போனது. எங்கள் காசு.

இதெல்லாம் சேர்ந்ததுதான் படிப்பு. எது சேரும், எது சேராது, சேருவதற்கு எங்கே என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்ப்பது.

இனி அந்த ‘ஒரே கம்பனி’ என்ற சுத்தத்துக்கு வருவோம். ஒரே சாதியாக இருந்தால்தான் சரி என்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஹோர்ன்பி ரயிலின் உடம்பு 1 அடிக்கு 4 மில்லிமீற்றர் என்ற அளவில் செய்தது. இங்கிலாந்தின் உண்மையான தண்டவாள இடைத்தூரம் 4 அடி 8½ அங்குலம். அதை 4ஆல் பெருக்கினால் 18.83 மில்லிமீற்றர் வர வேண்டும். ஆனால் இருப்பது 16.5. ஏன்? 16.5 என்பது 1 அடிக்கு 3.5 மில்லிமீற்றர் என்ற இன்னொரு அளவுக்கு உரிய பாதை. அந்தக் காலத்து மோட்டார் பெரிசு, இங்கிலாந்து எஞ்சின்களோ சிறிசு, 3.5 அளவில் செய்தால் மோட்டார் உள்ளே போகவில்லை. அதனால் உடம்பை 4 அளவில் பெரிதாக்கி, பாதையை 3.5 அளவிலேயே விட்டுவிட்டார்கள். இன்றுவரை அப்படித்தான் விற்கிறார்கள். நீங்கள் சுத்தம் என்று சொல்லும் அந்தப் பெட்டி உடைக்காத செட்டே இரண்டு அளவை ஒட்டிச் செய்த சாமான்!

நம் நாட்டுப் பாதை 5 அடி 6 அங்குலம். 4ஆல் பெருக்கினால் சரியாக 22 மில்லிமீற்றர். கடையில் கிடைக்கும் எந்த 16.5 செட்டும் நம் பாதை அல்ல, எந்தக் கம்பனியாக இருந்தாலும். களனிவெளிப் பாதை முன்பு 2 அடி 6 அங்குலம். அது 10 மில்லிமீற்றர் வர வேண்டும், 9 மில்லிமீற்றர் பாதைதான் கிடைக்கும். பிள்ளைகள் இதைத் தாங்களே பெருக்கிக் கண்டுபிடித்துவிட்டு, “சேர், அப்ப நாங்க ஓட்டுறது எந்த நாட்டுக் கோச்சி?” என்று கேட்டார்கள். எந்த நாட்டினதும் இல்லை என்பதுதான் பதில். அதனால்தான் யாரும் வந்து இது அசல், இது ஒட்டு என்று பிரிக்க முடியாது.

அசல் புகையிரதத்தையே பாருங்கள். களனிவெளிப் பாதையை 1990களில் அகலமாக்கினார்களே, அந்த வேலை நடந்த காலத்தில் ஒரே ஸ்லீப்பரில் மூன்று தண்டவாளம் கிடந்தது. சின்னக் கோச்சிக்கு இரண்டு, பெரியதுக்கு இரண்டு, ஒன்று இருவருக்கும் பொது. இங்கிலாந்தில் புருனெல் என்ற பொறியியலாளர் 7 அடிப் பாதை போட்டார், மற்றவர்கள் 4 அடி 8½. குளொஸ்டர் நிலையத்தில் இரண்டும் சந்தித்த இடத்தில் சாமானை எல்லாம் ஒரு பெட்டியில் இருந்து மற்றதுக்கு மனிதர் தூக்கி ஏற்றினார்கள். 1846இல் சட்டம் வந்தது, 7 அடிப் பாதை முழுதாகப் போனது 1892இல். இடையில் இருந்த 46 வருடம்? பல இடங்களில் மூன்றாம் தண்டவாளம் போட்டு இரண்டு கோச்சியையும் ஓட்டினார்கள். யாரும் பாதையைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுப்பெட்டி வரும்வரை நடந்து போகவில்லை.

உயரம் வேறான இரண்டு தண்டவாளம் சந்தித்தால் பெரிய ரயில்வேக்களும் என்ன செய்கின்றன? படி வைத்துச் செய்த விசேட இணைப்புத் தகடு போடுகின்றன. எங்கள் பிள்ளைகள் குறட்டால் நசுக்கியது அதைத்தான், சின்ன அளவில். திருகோணமலைக்குப் பாதை வந்தது 1927இல். அன்றில் இருந்து அதன் மேல் இழுத்த எஞ்சின்களையும் பெட்டிகளையும் எண்ணினால் ஒரு கம்பனியா இருக்கும்? 1954இல் கனடா தந்த எஞ்சின்கள், அவற்றின் மாகாணப் பெயர்களோடு, இந்த நாட்டில் ஓடத் தொடங்கின. பிறகு ஜேர்மனி, ஜப்பான், இந்தியா, பிரான்ஸ், சீனா. பெட்டிகளில் ருமேனியாவும் உண்டு. எல்லாம் ஒரே 5 அடி 6 அங்குலத்தில்தான். கொழும்புக்கு இராக்கோச்சியில் போகும்போது ‘இது ஒட்டு ரயில், இறக்கிவிடுங்கள்’ என்று யாரும் கல்ஓயாச் சந்தியில் சங்கிலியைப் பிடித்து இழுத்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை.

இப்போது அந்த அன்பளிப்புப் பற்றி. தர வந்தவரின் மனதை நாங்கள் குறை சொல்லவில்லை, அவருடைய உதவியால் படித்த பிள்ளைகள் ஊரில் நிறையப் பேர். ஆனால் நிபந்தனையை ஏற்க முடியாது. காரணத்தை நேராகச் சொல்கிறோம். புதுச் செட் வந்தால் அரை மணித்தியாலத்தில் பூட்டி முடிந்துவிடும். எல்லாத் துண்டும் கிளிக் கிளிக் என்று பொருந்தும். பிறகு ஒருவர் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பிடிப்பார், பத்துப் பேர் பார்ப்பார்கள். அந்த ஒருவர் யாராக இருப்பார் என்பதும் எங்களுக்குத் தெரியும், சாமான் விலை கூடக் கூட அதைத் தொடும் உரிமை யாருக்குப் போகும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். உடைந்தால் திருத்த முடியாது, அதனால் “தொடாதே” என்று ஒரு சட்டம் வரும். பிறகு கண்ணாடி அலுமாரி. பள்ளிக்கூடங்களில் பூட்டுப் போட்ட அலுமாரிக்குள் எத்தனை நல்ல சாமான் பழுதாகிப் போயிருக்கிறது என்று ஆசிரியர்கள் சொல்லத் தேவையில்லை.

இன்று அப்படி இல்லை. இந்த 11 பேரில் 7 பேருக்கு ஈயம் பிடிக்கத் தெரியும். அதில் 4 பேர் பெண்பிள்ளைகள் (இதற்கும் ஒருவர் கதை சொன்னார், அதற்குப் பதில் எழுதினால் இந்தப் பதிவு இன்னும் நீளும்). தண்டவாளத் துண்டு ஒவ்வொன்றுக்கும் கீழால் தனித்தனி வயர் இறக்க வேண்டும், இணைப்புத் தகட்டை மட்டும் நம்பினால் நாலாவது மூட்டில் கோச்சி மூச்சு வாங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். 12 வோல்ட் எங்கே 9 ஆகிறது என்று மல்டிமீற்றர் வைத்துத் தேடுகிறார்கள். நடுப்பகலில் தண்டவாளம் விரியும், இரவில் சுருங்கும், அதனால் மூட்டில் ஒரு இழை இடம் விட வேண்டும் என்று தெரியும். கிண்ணியாப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போகும்போது டும் டும் என்று கேட்பது ஏன் என்று ஒருவன் வாப்பாவுக்கு விளக்கம் சொன்னானாம். வாப்பா எங்களிடம் வந்து, “சேர், நான் 2009இல் பாலம் திறந்த நாளில் இருந்து போறன், இதை யோசிக்கல்ல” என்றார்.

இந்தப் பாதையைக் கழற்றி வீசினால் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான்: நீங்கள் உங்கள் கையால் செய்தது வெட்கப்பட வேண்டியது, வாங்கினது மட்டும்தான் சாமான். அதைச் சொல்ல எங்களுக்கு வாய் வராது.

ஆகவே தர விரும்புகிறவர்களிடம் நிபந்தனை இல்லாமல் ஒரு கேள்வி. அந்தச் செட்டின் காசில் ஒரு சின்னப் பங்கு போதும். நல்ல சோல்டரிங் அயன் இரண்டு, சின்ன அரம் ஒரு கட்டு, இன்னொரு மல்டிமீற்றர், கோட் 100க்கும் 75க்கும் இணைப்புத் தகடு, மின்சாரம் கடத்தாத இணைப்பு ஒரு பைக்கற், வளைக்கும் தண்டவாளம் பத்து. இது வந்தால் இன்னும் 10 பிள்ளைகளைச் சேர்க்கலாம். புதுச் செட்டையே தருவதாக இருந்தாலும் சந்தோஷம், வாங்கிக்கொள்கிறோம். ஆனால் அதுவும் பழைய பாதையோடுதான் பூட்டப்படும். நசுக்கிய தகட்டோடும் கொப்பி மட்டையோடும். அதற்குச் சம்மதமா என்று மட்டும் சொல்லுங்கள்.

அறுத்த மூட்டு திருத்தியாயிற்று. இரண்டு பலகைக்கும் நடுவில் இப்போது கதவுப் பிணைச்சல் போட்டு, ஆணியை இழுத்தால் பிரியும், தள்ளினால் அதே இடத்தில் வந்து பூட்டும். இது தரம் 9 பையன் ஒருவனின் வேலை, அவனுடைய வாப்பா தச்சர். திருத்தியதற்குப் பிறகு நேற்றுவரை 212 சுற்று, கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார்கள். விழுந்தது ஒரு தரம், அது பூனை.

இன்ஷா அல்லாஹ், வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வீடு திறந்திருக்கும். வீடியோ எடுத்தவரும் வரலாம், போனையும் கொண்டு வரலாம். மூட்டுகளில் வெள்ளைப் புள்ளி வைத்திருக்கிறோம், எது ஹோர்ன்பி எது பீக்கோ என்று கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவிக் கண்டுபிடிக்கிறவருக்குப் பிள்ளைகள் பிளேன்ரீ ஊற்றுவார்கள். வீட்டுப் பரணில் பழைய தண்டவாளத் துண்டு கிடந்தால் எந்தக் கம்பனி என்று பார்க்காமல் தூக்கி வாருங்கள். நடுவில் சின்னச் சின்னக் குமிழ் இருந்தால் மட்டும் முதலில் ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள், தனிப் பலகையில் இடம் பார்த்து வைக்கிறோம்.